நடுச்சுவர்ப் படம்

சிறில், தேவாலயப் பங்கு மண்டபத்தின் பின்சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார். தலைக்கு மேலே ஜன்னல். உள்ளே நின்ற சனம் அவரைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தது. கிழிபடுகிறவர் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"இந்த நடுச்சுவர்ப் படத்தில இருக்கிறது என்ன, எருமையோ?"

"எருமைதான். தண்ணிக்குள்ள நிண்டு யோசிக்குது போல."

கொல்லென்று சிரிப்பு. சிறில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எருமையாம்! தண்ணீருக்குள் நிற்கிற கறுப்பு என்றால் அவருடைய படம்தானே; உள்துறைமுகத்துப் பாறை அது. வேலை முடிந்து வரும்போது, ஓர்ஸ் ஹில் வளைவில் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, பார்த்துப் பார்த்துப் படமாகக் கீறிய பாறை.

தபால் கந்தோரில் முத்திரை விற்கிற சிறில், கலியாணம் முடித்த காலம் தொட்டு வீட்டில் படம் கீறுகிறார். இங்கிலீசு நேவிக்காரர் ஊரை விட்டுப் போகும்போது ஏலத்தில் விட்ட கூடாரத் துணி ஒரு சுருள் அவரிடம் இருந்தது. அதில் வெட்டி வெட்டிக் கீறுவார்; காய்ந்ததும் அலுமாரிக்குப் பின்னால் செருகிவிடுவார். அவற்றைப் பார்த்த ஒரே ஆள் மனைவி மாகிரட்தான்.

பங்கு இளைஞர்கள் படக் கண்காட்சி வைக்கிறார்கள், ஊரில் ஆரும் படம் தரலாம், கீறினவர் பேர் போடமாட்டோம் என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். அன்றைக்கே மாகிரட் தொடங்கிவிட்டாள்.

"ஒளிச்சு வைக்கிறதுக்கோ இவ்வளவு காலமும் கீறினனீங்கள்? நாலு பேர் பார்க்கட்டும்."

"நாலு பேர் பார்த்தா நாலு கதை வரும், மாகிரட்."

"வரட்டுமே! கதை கேட்டு ஆரும் செத்ததோ? பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்காதேங்கோ."

"எனக்கு ஏலாது. சபையில தலை காட்டமாட்டன்."

"நீங்கள் வீட்டில இருங்கோ. நான் கொண்டுபோறன்."

சொன்னபடி பாறைப் படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "எல்லாம் சரி" என்றாள். முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

இன்றைக்கு அவள் கண்காட்சிக்குப் புறப்பட்ட பிறகு, சிறிலுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதுதான் இந்த ஜன்னலடி.

"கறுப்பை அள்ளிக் கொட்டியிருக்கு" என்றார் உள்ளே ஒருவர். "முதுகில ஒரு கொக்கு வேற."

கொக்கா? கடற்காகம் ஐயா, கடற்காகம்!

"கொம்பு சரியில்லை. சைக்கிள் ஹாண்டில் மாதிரி வளைஞ்சு கிடக்கு."

"ஓம் ஓம், கொம்பு பிழைச்சுத்தான் போச்சு" என்று ஓர் இளம் குரல் உற்சாகமாக ஒத்து ஊதியது.

சிறில் யோசித்தார். பாறையின் உச்சியில் இரண்டு கூர் இருக்கிறதுதான். அதைக் கொஞ்சம் மழுக்கியிருக்கலாமோ?

கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் மேய வருகிற மான்களில் ஒன்று அவருடைய சட்டை நுனியை மோந்து பார்த்தது. சத்தம் போடாமல் அதைக் கையால் தள்ளிவிட்டு, காதை மறுபடி ஜன்னலுக்குக் கொடுத்தார். அப்போதுதான் அவருக்கே விளங்கியது: முதல் சிரிப்புக்குக் கண்ணை மூடிய மனுசன், இப்போது அடுத்தவர் என்ன சொல்வார் என்று எக்கி எக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எருமையை விடுங்கோ. அந்தத் தண்ணியைப் பாருங்கோ" என்றது ஒரு பெண் குரல். "கை வைச்சா நனையும் போல கிடக்கு."

சிறில் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். மாகிரட் எதைக் காட்டினாலும் வடிவு என்றுதான் சொல்வாள். முன்பின் தெரியாத ஒருவர் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

எழும்பினார். காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். சுற்றிக்கொண்டு போய் முன்வாசலால் உள்ளே நுழைந்தார்.

வாசலடியில் நின்ற மாகிரட்டுக்கு அவரைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நீங்கள் ஏன் இஞ்ச? வாங்கோ, வீட்டை போவம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "விடு, மாகிரட். நீ சொன்னதுதான் சரி" என்று கையை விடுவித்துக்கொண்டு சனத்தின் முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கோ. நான் தபால் கந்தோர்ச் சிறில். அந்த நடுச்சுவர்ப் படத்தைக் கீறினது நான்தான். நீங்கள் கதைச்சது முழுக்க வெளியில இருந்து கேட்டனான். கறுப்புக் கூடிப்போச்சு, ஒத்துக்கொள்ளுறன். ஆனா அது எருமையில்லை, பாறை. அடுத்த முறை பாறையைப் பாறை மாதிரியே கீறுறன்."

சனம் சுவரையும் சிறிலையும் மாறி மாறிப் பார்த்தது.

கிண்ணியாவிலிருந்து தயிர் கொண்டுவந்து விற்கிற ஜெமீல் மெல்ல முன்னால் வந்தான். கொம்புக்கு ஒத்து ஊதிய அதே குரல். "கோவிக்காதீங்க ஐயா. அது எருமைதான். எங்கட ஊட்டு எருமை. நான்தான் கீறினேன்."

சிறில் அப்போதுதான் சுவரைப் பார்த்தார். வாலும் கொம்பும் மூக்கணாங்கயிறுமாக ஓர் அசல் எருமை தண்ணீருக்குள் நின்றது. நாலு சுவரையும் தேடினார். அவருடைய பாறையை எங்கும் காணோம்.

திரும்பி மனைவியைப் பார்த்தார். மாகிரட் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"மண்டப வாசல் வரைக்கும் கொண்டு வந்தனான். பிறகு திருப்பிக் கொண்டுபோய் பக்கத்து மரியம்மாக்கா வீட்டில ஒளிச்சு வைச்சிட்டன்" என்றாள். "உங்களைப் பார்த்துச் சனம் சிரிச்சா எனக்குத் தாங்க ஏலாதப்பா."