ஐந்தாவது சீட்டு

சீட்டு கையை விட்டுப் போய்விட்டது.

முதலில் பூக்காரம்மாவிடம். அவளிடமிருந்து ஒரு தொண்டரிடம். பிறகு தலைகளுக்கு மேலே கை மாறிக் கை மாறி, மேடையை நோக்கி.

இனித் திருப்பிக் கேட்க முடியாது.

அவள் பெண்கள் பக்கத்தில், டியூப் லைட் கட்டிய கம்புக்குப் பின்னால் நின்றாள். மேடையில் அப்பா. வெண்கலக்குரல் பூவலிங்கம். கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, ஊரே அவரை அப்படித்தான் சொல்லும்.

அப்பா ஒரு மந்திரியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“மார்ச் மாசம் பதினெட்டாந் தேதி என்ன சொன்னாரு? இந்த ஊருக்கு ஆலை வரணும்னாரு. ஜூன் மாசம் நாலாந் தேதி என்ன சொல்லுதாரு? வரக்கூடாதுங்காரு. ஏ மந்திரி, அது நாக்கா, தோசைக் கரண்டியா? இந்தத் திருப்பு திருப்புதீரு!”

கூட்டம் விசிலடித்தது.

தேதிகள் அவள் எழுதிக் கொடுத்தவை. பழைய பேப்பர்களில் தேடிக் குறிப்பெடுத்துத் தருவது அவள் வேலை. படிப்பை நிறுத்திய பிறகு வீட்டில் வேறென்ன வேலை.

போன வருடம் பள்ளியில் பேச்சுப் போட்டி. மேடையில் அவளுக்கு வாய் திறக்கவில்லை. மூன்று நிமிடம் அப்படியே நின்றாள். வெண்கலக்குரலுக்குப் பிறந்தது ஊமையா என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே அப்பா தலைமையாசிரியை முன்னால் நின்று டி.சி.யைக் கேட்டு வாங்கினார்.

“இனி இவ இந்தப் படி ஏற மாட்டா. சொன்னா சொன்னதுதான்.”

அம்மா மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் அதே பதில்.

மூன்றாவது முறை கேட்டது நேற்று. அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். நாளை கடைசி நாள். பத்து மணிக்கு வர வேண்டும்.

அப்பா முகத்தைப் பார்த்து அவளால் கேட்க முடியாது.

ஆனால் மேடைக்கு வரும் சீட்டு எதையும் அப்பா படிக்காமல் விட்டதில்லை. திட்டி எழுதியிருந்தாலும் சத்தமாகப் படிப்பார். அடுத்த நொடியே பதில் வரும். அதைக் கேட்கவே பாதிக் கூட்டம் வரும்.

நான்கு சீட்டுகளுக்குப் பதில் சொல்லியாயிற்று.

ஐந்தாவதை எடுத்தார்.

பிரித்தார்.

எதிரே தேதிகள் எழுதிய தாள் இருந்தது. அப்பா சீட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

இரண்டும் ஒரே கையெழுத்து.

மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

“படிங்கண்ணே!” என்று ஒருவன் கத்தினான்.

அப்பா படித்தார். வெண்கலம் இல்லை. வீட்டில் பேசும் குரல்.

“முதலில் சொன்னதே தவறாக இருந்தால், மாற்றிச் சொல்லலாமா?”

கூட்டம் சிரிப்பதற்குத் தயாராகக் காத்திருந்தது.

அவள் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு வாய் திறக்கவில்லை.

சோடாவை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

“இதுக்கு நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பதில் சொல்லுதேன்.”

“நாளைக்குக் கூட்டமே கிடையாதே அண்ணாச்சி!”

“எல்லாரும் பாத்துக்கிடுங்கப்பா, அண்ணாச்சி தோசையும் திரும்புது!” டீக்கடைப் பக்கமிருந்து இன்னொரு குரல்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இந்த முறை அது மந்திரியைப் பார்த்து அல்ல.

அப்பா சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தேதிகள் எழுதிய தாளையும் அதனோடு சேர்த்து வைத்தார்.

கூட்டம் முடியும் வரை அவள் நிற்கவில்லை.

பெட்டியின் அடியில் சீருடை கிடக்கிறது. கீழ் மடிப்பைப் பிரித்துவிட வேண்டும். இந்த ஒரு வருடத்தில் நான்கு விரல் வளர்ந்திருக்கிறாள்.