எளிய பாதை, இருபது நிமிடம்

மலையடிவார முகாமில் ஒரு அறிவிப்புப் பலகை நின்றது. ‘எளிய பாதை: ஓடைக்கு இருபது நிமிடம்’ என்று எழுதி, கீழே ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். காலையில் ஒரு கிழ நாய் அதன் முன்னால் வந்து நின்றது.

“யாருக்கய்யா எளிது?” என்று கேட்டது. “நேற்று உன்னை நம்பிப் போனேன். திரும்பி வர மத்தியானம் முழுக்க ஆயிற்று. பின்னங்கால் இன்னும் நடுங்குகிறது.”

“இருபது நிமிடம்தான். அளந்துதான் எழுதினார்கள்.”

“இறங்கும்போது அளந்திருப்பார்கள். ஏறி வருவதை யார் அளந்தது?”

“திரும்பி வருவது என் பொறுப்பில்லை,” என்றது பலகை. “முடியாவிட்டால் கூடாரத்திலேயே கிட.”

“என்னைக் கூட்டிவந்த மைதிலியும் அதைத்தான் சொல்கிறாள். இன்றும் பாதியில் நின்றால் என்னைக் கட்டிப்போட்டுவிட்டுத் தனியாகப் போவாளாம்.”

அதற்குள் மைதிலி வந்து கழுத்தில் வாரை மாட்டினாள். பலகையைப் படித்துவிட்டு ஓடைப் பக்கம் இழுத்தாள். நாய் அசையவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, சமையல் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்க்குப் போகும் சமதரையில் நடந்தது. வேறு வழியில்லாமல் அவளும் பின்னாலேயே போனாள்.

“அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று பலகை கத்தியது. “அதையெல்லாம் பாதை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்!”

“ஒத்துக்கொள்ளாதே போ. நான் பார்க்கவா வந்தேன்? அவளோடு நடக்க வந்தேன்.”

குழாய்க்குப் பாதி வழியில் நாய்க்கு மூச்சு வாங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டது. மைதிலி ஒருமுறை கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாரைக் கழற்றிவிட்டு, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.