எவர்சில்வர் ஸ்பூன்

"மேடம், உங்க பின்னாடி யாரோ எதையோ தட்டிட்டே இருக்காங்க. பாடமே கேக்கல," என்றான் ஆன்லைன் வகுப்பில் ரிஸ்வான். ஃபேன் சத்தம் என்று கூசாமல் பொய் சொன்னாள் வேதியியல் பேராசிரியை அமுதவல்லி. மைக்கை மாற்றினாள், கதவிடுக்கில் துணியை அடைத்தாள். சத்தம் நிற்கவில்லை. பக்கவாதத்தில் பேச்சு போன கணவர் ஞானசேகரன், அடுத்த அறையில் படுத்தபடி, எவர்சில்வர் ஸ்பூனைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவார். மறுநாள் வகுப்புக்கு முன் அதை வாங்கிக்கொண்டு, ஐஸ்கிரீமோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றை அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப சூப்பரா கேக்குது மேடம்!" என்றார்கள் பிள்ளைகள். வகுப்பு முடிந்து போய்ப் பார்த்தால், விரிப்பு நனைந்து கிடந்தது. அவர் கை மட்டும் இன்னும் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விரிப்பை மாற்றிவிட்டு, பழைய ஸ்பூனை அவர் விரல்களுக்குள் திணித்தாள். "தட்டுங்க. நல்லா சத்தமாவே தட்டுங்க. யாரு என்ன சொன்னாலும் பரவாயில்ல."

அடுத்த நாள் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள். ஒரு மணி நேரமும் ஒரு சத்தம் இல்லை. "இன்னிக்கும் கிளியரா இருக்கு மேடம். என்ன பண்ணீங்க?" என்றான் ரிஸ்வான். எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். ஞானசேகரன் விழித்துத்தான் இருந்தார். விரிப்பு நனைந்திருந்தது. ஸ்பூன் கம்பியில் பட்டுவிடாதபடி நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார்.