அறுபத்து மூன்று தடவை

"நீங்க வாண்டா ஸ்லிவின்ஸ்கிதான்னு உறுதி பண்ணாம, நான் யாருன்னு சொல்ல முடியாது மேடம்" என்றது போனில் ஒரு பெண்குரல்.

"நீங்க யாருன்னு தெரியாம நான் யாருன்னு எப்படிச் சொல்றது?"

நான்தான் தோற்றேன். பிறந்த தேதியைச் சொன்னேன்.

அவள் பெயர் கெண்ட்ரா. என் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில், உறுப்பினர்களின் அந்தரங்கத்தைக் காக்கும் பிரிவில் இருக்கிறாளாம். அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்ததா என்று கேட்டாள்.

வந்தது. பக்கத்து வீட்டுக்கு.

மிஸ்டர் அசெவேடோ அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிரித்துவிட்டார். காலையில் கொண்டுவந்து கொடுத்து, "ஒரு வரிகூடப் படிக்கலை, வாண்டா" என்றார். படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "பித்தப்பையை எடுத்த பிறகு உனக்கு நெய், வெண்ணெய் எல்லாம் செரிக்குதா?"

அனுமதியில்லாத ஒருவர் என் மருத்துவ விவரங்களைப் பார்த்துவிட்டதாக அந்தக் கடிதம் வருந்தியது. எவற்றையெல்லாம் பார்த்தார் என்று கீழே பட்டியல். பித்தப்பை, தைராய்டு, இடது மார்பில் கட்டி, பன்னிரண்டு வாரம் கீமோ. என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் எழுதியதில்லை.

கட்டியைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முழங்காலுக்கு வைத்தியம் என்று விடுப்பு வாங்கியிருந்தேன். சொன்னால் வருவார்கள். வந்தால் பரிதாபமாக ஒரு முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த முகத்தையும் நான்தான் தேற்றி அனுப்ப வேண்டும்.

"பார்த்தது எங்க ஊழியர்தான் மேடம். அறுபத்து மூணு தடவை."

"யாரு?"

"அதைச் சொல்றதுக்கில்லை. அவங்க அந்தரங்கத்தையும் நாங்க காப்பாத்தணும்."

"அப்ப என்னோடது?"

"அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கேன்."

விஷயம் இதுதான் என்றாள். நான் இப்போதே புகார் கொடுத்தால் அந்த ஆளுக்கு இன்று மாலையோடு வேலை போய்விடும். கொடுக்காவிட்டால் ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதன்பின் என் கோப்பை அவரால் திறக்க முடியாது.

கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரோ ஒருவர் காப்பிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் மார்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதுவும் அறுபத்து மூன்று தடவை. என்னோடு இருந்த காலத்தில் கட்டிய கணவன்கூட அவ்வளவு ஆர்வம் காட்டியதில்லை.

"எப்பெப்ப பார்த்தாங்கன்னாவது சொல்லலாமா?"

சொல்லலாமாம். வாசித்தாள். புதன்கிழமை காலை எட்டு ஐந்து. அடுத்த புதன், எட்டு மூன்று. அதற்கடுத்த புதன்.

செவ்வாய்தோறும் எனக்கு மருந்து ஏறும். அந்த விவரம் மறுநாள் காலை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

"ஏப்ரல் பத்தொன்பது, இதுவும் புதன்தான். அன்னைக்கு மட்டும் பதினேழு தடவை, மேடம்." அவள் குரலில் என் பொருட்டு ஒரு கோபம் இருந்தது.

அது நான் போகாத வாரம். காய்ச்சலில் எழ முடியாமல், இரண்டு நாள் ரொட்டியும் தண்ணீருமாகப் போர்வைக்குள் கிடந்தேன். செத்துப்போனால் யாருக்கு முதலில் தெரியும் என்று யோசித்தபடி படுத்திருந்தது நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத்தான், வேறு ஓட்டுநர் தேட வேண்டுமே என்று முடிவு செய்திருந்தேன்.

கோப்பில் அன்று புதிதாக ஒன்றும் வந்திருக்காது. அந்த ஆள் மூடி மூடித் திறந்திருக்கிறார்.

போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டேன்.

"புகார் வேண்டாம்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"என் விவரத்தை யாரெல்லாம் பார்க்கலாம்னு ஒரு படிவம் உண்டே, அதுல யார் பேர் இருக்கு?"

"அந்த இடம் காலியா இருக்கு."

"இப்ப நிரப்பணும். யார் பேரை வேணாலும் சொல்லலாமா?"

"உங்க உடம்பு, உங்க இஷ்டம்."

"லோரேன் பெல்லெட்டியர்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மேடம், நீங்க சொன்ன பேரைப் பத்தி நான் ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"நான் ஒண்ணும் கேட்கலையே."

"உறவு?"

"தங்கச்சி."

மறுபடி தட்டினாள், மெதுவாக. "கடைசியா ஒரு கேள்வி. கேட்டே ஆகணும்னு விதி. இவங்க உங்க விஷயத்தை வேற யார்கிட்டயும் சொல்லமாட்டாங்கன்னு நம்புறீங்களா?"

ஆறு வருடத்துக்கு முன் என் வயிற்றில் ஒரு பிள்ளை தங்காமல் போனதை லோரேனிடம் மட்டும் சொன்னேன். அவள் அதைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில், வாய் நிறையப் பியரோகிக் கொழுக்கட்டையோடு, பதினான்கு பேர் முன்னால் சொன்னாள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அம்மாவோடு மட்டும் இருவரும் பேசுகிறோம். லோரேனுக்கு இந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்ததுகூட அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். லோரேனுக்குக் காலையில் தெரிந்தது மாலைக்குள் ஃப்ளோரிடாவில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எந்த விஷயமும் தப்பியதில்லை.

நேற்று என் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அம்மா கூப்பிட்டிருந்தாள்.

"ஏண்டி, முடியை இப்படியா ஒட்ட வெட்டிக்குவ? இந்த வயசுல எந்தக் கழுதை உனக்கு யோசனை சொல்லுச்சு?"

"நம்புறேன்" என்றேன் கெண்ட்ராவிடம்.