பொருள் அதேதான்

"ஒரு சந்தேகம். பிளாஸ்டிக் சூட்டுல இளகிப் போனா, அது பௌதிக மாற்றமா, ரசாயன மாற்றமா?"

கெமிஸ்ட்ரி டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாடம் என்று பேச்செடுத்தாலே கொட்டாவி விடுகிற கணவர், வீட்டிலிருந்து தானாகப் போன் செய்து கேட்கிறார்! ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பௌதிக மாற்றம்தாங்க. எரிஞ்சு கருகினாதான் ரசாயன மாற்றம். ஏன் கேக்கறீங்க?"

"பாப்பாவுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறேன். அப்போ பொருள் கெட்டுப் போகலையே?"

"சேச்சே! பொருள் அதேதான். வடிவம் மட்டும்தான் மாறியிருக்கு."

"கொஞ்சம் சத்தமா சொல்லேன். இங்கயும் ஸ்பீக்கர் போட்டிருக்கேன்."

"பொருள் அதேதான்! வடிவம் மட்டும்தான் மாறியிருக்கு!" என்று வகுப்பறைக் குரலில் முழங்கினாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, புத்தகப் பையோடு பாப்பா உள்ளே வந்தாள். "அம்மா, ஸ்கூல் வேனை விட்டுட்டேன். உன்கூடவே வீட்டுக்குப் போலாமா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, பாப்பா இங்க என் முன்னாடி நிக்கறா. நீங்க யாருக்குப் பாடம் நடத்தறீங்க?"

"அது வந்து... உங்கப்பாவுக்கு. சாயங்காலம் மேடையில பேசப் போறாரேன்னு, பல்செட்டைச் சுத்தம் பண்ண கொதிக்கிற தண்ணியில போட்டேன்..."

போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. அடுத்து அப்பாவின் பொக்கைவாய்க் குரல்.

"வடிவம் மட்டும்தானா? வீட்டுக்கு வாம்மா. இதை உன் வாயில மாட்டிக்கிட்டு, அதையே இன்னொரு வாட்டி ஷொல்லு பார்ப்போம்!"