வாளியில் முதல் மீன்

மே 14. முதல் மீனைப் பிடித்தது அப்பா என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். வருஷா வருஷம் அப்படி எழுதிப் பழகிய கை. இந்த முறை பிடித்தது அம்மா. அப்பா டீ குடித்துவிட்டு வரும்வரை தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டையை இழுத்துப் போட்டாள்.

முதல் மீனைப் பிடித்தவர்தான், அடுத்த கோடைக்கும் இந்த ஏரிக் குடிலுக்கு வருவதா என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகே மீனை அறுப்போம். அப்பா எப்போதும் "வருவோம்" என்பார். நானும் அக்காவும் கைதட்டுவோம். மண்ணெண்ணெய் வாசமும் தகரக் கூரை மழையும் இல்லாத விடுமுறையை எனக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

மீன் வாளிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. "சொல்லிரு ஸ்டெல்லா, செத்துரப் போகுது," என்றார் அப்பா.

"அடுப்பங்கர ஜன்னல் பின்பக்கம்லா இருக்கு. இத்தன வருஷத்துல நான் ஏரிய எங்க பாத்தேன்? நாளைக்கு முழுக்க உக்காந்து பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றாள் அம்மா.

"அப்ப சோறு?" அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அப்பா எழுந்துபோய் வாளித் தண்ணீரை மாற்றினார்.

நாளை விடியுமுன் எழுந்து நான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன், கரையில் ஒரு நாற்காலி போட வேண்டும்.