ஆதாரம் கொண்டு வாங்க

"இந்தப் புதுக் கொசு மருந்தை மறுபடி வாங்க வேண்டாங்க ஐயா. அடிக்கிறவகளுக்கு மூச்சு முட்டுது" என்றாள் வேல்விழி. நகராட்சியில் கொள்முதல் பிரிவு எழுத்தர் அவள்.

தலைவர் சோலைமலை சிரித்தார். "மருந்தாலதான்னு ஆதாரம் இருக்காம்மா?"

"இல்லங்க, சந்தேகந்தான். ஒங்க பட்டாசுக் கம்பெனிக்கு நைலான் சேலை கட்டி வந்தா, உரசித் தீப்பொறி வந்துருமோன்னு வாசல்லயே திருப்பி அனுப்புறீக. வெடிக்கட்டும், பெறகு பாத்துக்கிடலாம்னா விடுறீக?"

"அது வெடிமருந்து, இது கொசு மருந்து. ஆதாரம் கொண்டு வாங்க, அன்னைக்கே நிப்பாட்டிருவோம்."

வெளியே புகையடிக்கும் இயந்திரம் இரைந்தது.

"அந்தச் சன்னலைச் சாத்தும்மா" என்றார். சாத்தினாள். மருந்துக்கு ஆர்டர் போனது.

எட்டு மாதம் கழித்து, அதே அறைக்கு வேல்விழி ஓர் அறிக்கையோடு வந்தாள். எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது தலைவரின் வழக்கம். நுரையீரல் கெட்டதற்கு அந்த மருந்தே காரணம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

"அம்புட்டுத்தான், இன்னையோட நிறுத்தியாச்சு." உடனே உத்தரவில் கையெழுத்துப் போட்டார். "இதை அன்னைக்கே கொண்டு வந்திருக்கலாம்லம்மா?"

கேட்டுக்கொண்டே முதல் பக்கத்துக்கு வந்தார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை. பெயர்: அருள்பாண்டி. வேலை: கொசு மருந்து அடிப்பவர். உடலை அடையாளம் காட்டியவர்: மனைவி வேல்விழி.

அவள் கோப்பில் தேதி எழுதியபடியே சொன்னாள்:

"அன்னைக்கு இவரு அந்தச் சன்னலுக்கு வெளிய நின்னு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தாருங்க."